நிற வேற்றுமைக்கு நடுவே ஒரு கல்விக்கொடை

முன்னுரை

ஆண்டுதோறும் நம் கல்லூரி அலுவலகத்தின் முன்னுள்ள அறிவிப்புப் பலகையில் உதவித்தொகை பெறுவோர் பட்டியல் ஒட்டப்படுகிறது. அன்று அங்கே கூடும் கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். பட்டியலில் பெயர் இருந்தால் மகிழ்கிறோம், இல்லையேல் வருந்துகிறோம். அதற்கு மேல் அந்தத் தொகையைப் பற்றி நாம் சிந்திப்பதில்லை. உரிய நேரத்தில் ஒருவர் கைக்கு வந்து சேரும் ஒரு சிறு தொகை எதைச் செய்ய வல்லது? எதைச் செய்ய மாட்டாது? வரலாறு பயிலும் முறையில் இக்கேள்விக்கு விடை தேடியபோது, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1928 முதல் 1948 வரை நடைபெற்ற ஓர் உதவித்தொகைத் திட்டம் என் கவனத்தை ஈர்த்தது. ஜூலியஸ் ரோசன்வால்டு நிதியம் நடத்திய திட்டம் அது. நிற வேற்றுமை சட்டமாகவே நின்ற காலத்தில், கறுப்பின அறிஞர்களுக்கும் கலைஞர்களுக்கும் அது துணை நின்றது. அதன் நிறைகளையும் குறைகளையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அன்றைய நிலை

அமெரிக்காவில் அடிமை முறை 1865-இல் சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் உரிமையோடு வாழ முடியவில்லை. தனி இடம் ஒதுக்கினாலும் அது சமமாக இருந்தால் போதும் என்று 1896-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் தென்மாநிலங்களில் இரயில் பெட்டி, பள்ளி, மருத்துவமனை, உணவு விடுதி, நூலகம் என எல்லாமே இரண்டாகப் பிரிந்தன. 'தனி' என்பது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. 'சமம்' என்பது ஏட்டளவில் நின்றது.

உயர்கல்வியில் இந்நிலை இன்னும் கொடியது. பல தென்மாநிலங்களில் கறுப்பின மாணவர் முதுகலைப் படிப்போ சட்டப் படிப்போ படிக்க ஒரு கல்லூரிகூட இல்லை. மிசௌரி மாநிலத்தில் லாயிடு கெயின்ஸ் என்னும் இளைஞர் மாநிலப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். நிறத்தைக் காரணம் காட்டி அவரை மறுத்துவிட்டனர். "வேறு மாநிலத்திற்குச் சென்று படித்துக்கொள், கட்டணத்தை நாங்கள் செலுத்துகிறோம்" என்பதே மாநில அரசின் நிலை. கறுப்பின மாணவருக்குத் தன் எல்லைக்குள்ளேயே சம வாய்ப்பு அளிப்பது மாநிலத்தின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1938-இல் தீர்ப்பளித்தது.

இங்கு நாம் ஒன்றைக் கருத வேண்டும். மிசௌரி அரசு தர முன்வந்ததும் ஓர் உதவித்தொகைதான். ஆனால் அது மாணவனை வாயிலுக்கு வெளியே நிறுத்துவதற்காகத் தரப்பட்ட தொகை. எனவே உதவித்தொகை என்ற பெயரைக் கண்ட அளவில் அதைப் போற்றிவிட இயலாது. யார் தருகின்றனர், எதற்காகத் தருகின்றனர், பெற்றவர் அதனால் எங்கே போய்ச் சேர்ந்தார் என்ற மூன்றையும் கேட்டாக வேண்டும்.

ஒரு முன்னோடி நிகழ்ச்சி

ரோசன்வால்டு நிதியம் தோன்றுவதற்கு முன்பே நிகழ்ந்த ஒன்றைக் குறிப்பிடாமல் மேலே செல்ல இயலவில்லை. கறுப்பின மக்களின் கல்விக்காக ஜான் ஸ்லேட்டர் என்னும் நெசவாலை முதலாளி 1882-இல் பத்து இலட்சம் டாலர் கொண்டு ஒரு நிதியம் நிறுவினார். அதன் தலைவராக இருந்தவர் அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் ரதர்போர்டு ஹேய்ஸ். அவர் 1890-இல் பால்டிமோர் நகரில் பேசும்போது, உயர்கல்விக்குத் தகுதியுள்ள கறுப்பின இளைஞர் கிடைத்தால் ஐரோப்பாவுக்கு அனுப்பத் தயார் என்றும், ஆனால் பேச்சாற்றல் உள்ளவர்களைத் தவிர வேறு எவரையும் காண முடியவில்லை என்றும் கூறினார்.

இச்செய்தியை ஹார்வர்டில் பயின்றுகொண்டிருந்த டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் செய்தித்தாளில் படித்தார். உடனே விண்ணப்பித்தார். அத்திட்டம் கைவிடப்பட்டது என்று பதில் வந்தது. மற்றொருவராயின் அத்துடன் விட்டிருப்பார். டுபாய்ஸ் விடவில்லை. தகுதியுள்ளவர் இல்லை என்று ஊரறியச் சொல்லிவிட்டு, தகுதியுடன் ஒருவர் வந்து நின்றதும் திட்டமே இல்லை என்பது முறையா என்னும் பொருள்படக் கடுமையாக எழுதினார். மீண்டும் விண்ணப்பித்தார். 1892-இல் 750 டாலர் கிடைத்தது. அதில் பாதி கொடை, மறுபாதி கடன்.

அந்நிதியத்தின் உதவியால் அவர் பெர்லின் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டுகள் பயின்றார். அங்கே முனைவர் பட்டம் பெற இன்னும் சிறிது காலம் தங்கியிருக்க வேண்டியிருந்தது. நிதியம் நீட்டிப்புத் தர மறுத்தது. பட்டமின்றியே நாடு திரும்பினார். பின்னர் 1895-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. திறமை இல்லை என்று சொன்னவர்களின் கண்முன்னேதான் திறமை இருந்தது. அவர்கள் தேடிப் பார்த்த இடங்கள் மிகச் சில.

ரோசன்வால்டும் ஊர்ப்பள்ளிகளும்

ஜூலியஸ் ரோசன்வால்டு 1862-இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம். உயர்நிலைப் பள்ளிப் படிப்பையே முடிக்காமல் துணி வணிகத்தில் இறங்கியவர், பிறகு சியர்ஸ் ரோபக் என்னும் பெரிய வணிக நிறுவனத்தின் தலைவராக உயர்ந்தார். கறுப்பினக் கல்வியாளரான புக்கர் டி. வாஷிங்டனின் வாழ்க்கை வரலாற்றைப் படித்து மனம் நெகிழ்ந்தார். இருவரும் 1911-இல் சந்தித்தனர். தம் ஐம்பதாம் பிறந்த நாளையொட்டி 1912-இல் வாஷிங்டனின் டஸ்கீகி நிலையத்திற்கு அவர் தந்த தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, அலபாமா மாநிலச் சிற்றூர்களில் ஆறு பள்ளிகள் கட்டப்பட்டன.

அந்த ஆறு பள்ளிகள் பெருகி, 1932-ஆம் ஆண்டுக்குள் 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள் ஆயின. ரோசன்வால்டு ஒரு பங்குதான் தருவார். ஊர்மக்களும் அரசும் மீதியைத் தர வேண்டும் என்பது விதி. கூலிக்கும் குத்தகைக்கும் உழைத்த கறுப்பின மக்கள் கோழி விற்றனர். பள்ளிக்கென்று ஒரு துண்டு நிலத்தில் பருத்தி விளைவித்தனர். மரம் வெட்டித் தந்தனர். தாமே கட்டட வேலை செய்தனர். ரோசன்வால்டு தந்தது ஏறத்தாழ 43 இலட்சம் டாலர். கறுப்பின மக்கள் திரட்டியதோ ஏறத்தாழ 47 இலட்சம் டாலர். பள்ளிக்கென்று அரசுக்கு வரியும் செலுத்திவிட்டு அதன்மேல் இதையும் அவர்கள் தந்தார்கள். ஆகவே இப்பள்ளிகளை ரோசன்வால்டு பள்ளிகள் என்று அழைக்கும்போது, பெயர் வெளியில் வராத அந்த ஏழை மக்களையும் சேர்த்தே நாம் எண்ண வேண்டும். பிற்காலத்தில் குடியுரிமைப் போராட்டத் தலைவராக விளங்கிய ஜான் லூயிஸும் எழுத்தாளர் மாயா ஏஞ்சலோவும் இத்தகைய பள்ளிகளில் பயின்றவர்களே.

உதவித்தொகைத் திட்டம்

ரோசன்வால்டு 1917-இல் சிகாகோவில் நிறுவிய நிதியம் 1928-இல் திருத்தி அமைக்கப்பட்டது. எட்வின் எம்ப்ரீ என்பவர் அதன் தலைவரானார். தனி மனிதரின் மேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் கலைப்படைப்புக்கும் பணம் தரும் திட்டம் அப்போது தொடங்கியது. பெற்றவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். தென்மாநில வெள்ளையர் சிலரும் பெற்றனர்.

இத்திட்டத்தில் இரண்டு செய்திகள் எனக்குப் புதுமையாகத் தோன்றின. முதலாவது, நிதியம் என்றென்றும் நிலைத்திருக்க வேண்டும் என்று ரோசன்வால்டு விரும்பவில்லை. தாம் இறந்த 25 ஆண்டுகளுக்குள் முழுப்பணமும் செலவழிந்துவிட வேண்டும் என்பது அவர் இட்ட நிபந்தனை. இன்றைய துன்பத்திற்கு இன்றே செலவு செய்ய வேண்டும், நாளைய துன்பத்தை நாளைய மனிதர் பார்த்துக்கொள்வர் என்பது அவர் கொள்கை. 1932-இல் அவர் மறைந்தார். 1948-இல் நிதியம் தன் பணத்தைச் செலவிட்டு முடித்து மூடப்பட்டது.

இரண்டாவது, பட்டம் பெற்றவர்தாம் உதவிக்கு உரியவர் என்று நிதியம் வரையறுக்கவில்லை. ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ், புகைப்படக் கலைஞர் கார்டன் பார்க்ஸ் இருவரும் உயர்நிலைப் பள்ளியை முடிக்காதவர்கள். நாவலாசிரியர் ரால்ப் எல்லிசன் கல்லூரியைப் பாதியில் விட்டவர். ஜேம்ஸ் பால்டுவின் கல்லூரிக்கே செல்லாதவர். நால்வரும் இந்த உதவியைப் பெற்றனர். நால்வரும் அமெரிக்கக் கலை, இலக்கிய வரலாற்றில் நிலைபெற்றனர்.

கலைஞர்கள்

பாடகி மரியன் ஆண்டர்சன் பிலடெல்பியாவில் 1897-இல் பிறந்தவர். இசைப்பள்ளி ஒன்று நிறத்தைக் காரணம் காட்டி அவரைச் சேர்க்க மறுத்தது. மாதா கோயில்களிலும் சிறு மன்றங்களிலும் பாடி வளர்ந்தார். 1930-இல் ரோசன்வால்டு உதவியுடன் ஜெர்மனி சென்று இசை பயின்றார். அங்கிருந்து தொடங்கிய ஐரோப்பியப் பயணங்களில் அவர் புகழ் பரவியது. ஆனால் தாய்நாட்டின் மனம் மாறவில்லை. 1939-இல் தலைநகர் வாஷிங்டனில் உள்ள கான்ஸ்டிடியூஷன் மண்டபத்தில் அவர் பாட இடம் மறுக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 9 அன்று லிங்கன் நினைவிடத்தின் படிகளில் நின்று அவர் பாடினார். திறந்த வெளியில் 75,000 பேர் திரண்டு கேட்டனர். 1955-இல்தான் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் இசை நாடக அரங்கில் அவர் பாட முடிந்தது. அவ்வரங்கில் முதன்மைப் பாத்திரமேற்றுப் பாடிய முதல் கறுப்பினப் பாடகர் அவரே.

ஜேக்கப் லாரன்ஸுக்கு 1940-இல் 1,500 டாலர் கிடைத்தது. அதுவரை அவருக்குத் தனியாக ஒரு நல்ல ஓவியக்கூடம் கிடையாது. அந்தப் பணத்தில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஓர் இடத்தை வாடகைக்கு எடுத்தார். தென்மாநிலங்களிலிருந்து வடக்கே பிழைப்புத் தேடிச் சென்ற கறுப்பின மக்களின் பெரும் குடிபெயர்ச்சியை 60 சிறு ஓவியங்களில் தீட்டினார். அவருடைய பெற்றோரும் அப்படிச் சென்றவர்களே. நூலகத்தில் அமர்ந்து வரலாற்றைப் படித்துக் குறிப்பெடுத்த பின்பே தூரிகையை எடுத்தார். அறுபது பலகைகளையும் ஒருசேர வைத்துக்கொண்டு, ஒரு வண்ணத்தை எல்லாப் படங்களிலும் தீட்டி முடித்த பிறகே அடுத்த வண்ணத்துக்குச் சென்றார். அதனால்தான் அவை அறுபதும் ஒரே கையின் ஒரே மூச்சில் பிறந்தவை போல் தோன்றுகின்றன. அவ்வளவு பலகைகளையும் ஒருசேரப் பரப்பி வைக்க ஓர் இடம் வேண்டும் அல்லவா? அந்த இடத்துக்கான வாடகையைத்தான் உதவித்தொகை தந்தது. இன்று அவ்வோவியங்களில் பாதி நியூயார்க் நவீனக் கலைக்கூடத்திலும், மறுபாதி வாஷிங்டனில் உள்ள பிலிப்ஸ் கலைக்கூடத்திலும் உள்ளன.

மானிடவியல் பயின்ற நடன மங்கை கேதரின் டன்ஹாம், தேர்வுக் குழுவினர் முன் தம் திட்டத்தைச் சொல்லால் விளக்கியதோடு நில்லாமல் அங்கேயே ஆடிக் காட்டினார். 1935-இல் உதவி பெற்று ஹெய்ட்டி, ஜமெய்க்கா முதலிய தீவுகளுக்குச் சென்று, ஆப்பிரிக்க வழிவந்த நடனங்களைக் கற்றார். எல்லிசன் 1945-இல் போர் பற்றிய நாவல் எழுதுவதாகச் சொல்லி உதவி பெற்றார். எழுத அமர்ந்தபோது வேறொரு நாவல் பிறந்தது. ஏழாண்டு உழைப்பில் உருவான 'இன்விசிபிள் மேன்' 1952-இல் வெளிவந்து, மறு ஆண்டே தேசிய நூல் விருதைப் பெற்றது. சொன்ன நூல் ஒன்று, எழுதிய நூல் வேறு. கணக்கு மட்டும் பார்ப்பவர் இதைக் குற்றம் என்பர்; படைப்பை அறிந்தவர் இதைத்தான் பயன் என்பர்.

ஓர் ஆராய்ச்சி மாணவரின் கதை

இத்திட்டத்தின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டுவது வரலாற்றறிஞர் ஜான் ஹோப் பிராங்க்ளினின் இளமைக்காலம். 1915-இல் ஓக்லஹோமாவில் பிறந்த அவரை அம்மாநிலப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளாது. எனவே டென்னசி மாநிலத்தின் பிஸ்க் பல்கலைக்கழகத்தில் பயின்று 1935-இல் பட்டம் பெற்றார். ஹார்வர்டில் இடம் கிடைத்தது, பணம் இல்லை. அப்போது அவருடைய வரலாற்றுப் பேராசிரியர் தியடோர் கரியர் என்னும் வெள்ளையர் வங்கிக்குச் சென்றார். தம் பெயரில் 500 டாலர் கடன் பெற்று மாணவர் கையில் கொடுத்தார். இந்நிகழ்ச்சியைப் படித்தபோது, இவ்விதழைப் புரட்டும் நம் பேராசிரியப் பெருமக்களை நினைத்துக்கொண்டேன். மாணவனுக்காகக் கட்டணம் செலுத்திவிட்டு அதை யாரிடமும் சொல்லாதவர்கள் எக்கல்லூரியிலும் இருக்கவே செய்கிறார்கள்.

பிறகு ரோசன்வால்டு உதவியுடன் பிராங்க்ளின் ஹார்வர்டில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அடிமை முறை நிலவிய காலத்திலேயே வட கரோலினாவில் அடிமையல்லாது வாழ்ந்த கறுப்பின மக்களைப் பற்றிய ஆய்வு அது. ஆவணங்களைக் காண 1939-இல் அம்மாநில ஆவணக் காப்பகத்திற்குச் சென்றார். கறுப்பினத்தவர் ஒருவர் ஆராய்ச்சிக்கு வருவார் என்று எண்ணி இந்தக் கட்டடத்தைக் கட்டவில்லை என்றார் இயக்குநர். ஒழுங்கு செய்ய ஒரு வாரம் கேட்டார். பின் அதைப் பாதியாகக் குறைத்தார். மற்றவர்களோடு அமராதபடி ஒரு தனி அறை தரப்பட்டது. வெள்ளைப் பணியாளர் கறுப்பினத்தவருக்கு ஏடு எடுத்துத் தரலாகாது என்பதனால், ஆவண அறையின் சாவியே அவரிடம் கொடுக்கப்பட்டது.

அவர் உள்ளே சென்று, வேண்டிய ஏடுகளைத் தாமே எடுத்து வந்து படித்தார். இரண்டு வாரம் சென்றது. பணியாளர் எடுத்துத் தரும் வரை காத்திருக்க வேண்டிய வெள்ளை ஆய்வாளர்கள் இதைக் கண்டு பொறுக்கவில்லை. தங்களுக்கு வேற்றுமை காட்டப்படுகிறது என்று முறையிட்டனர்! சாவி திரும்பப் பெறப்பட்டது. மற்றவர்களுக்குப் போலவே அவருக்கும் ஏடு எடுத்துத் தருமாறு பணியாளருக்கு ஆணையிடப்பட்டது. இதைப் படித்து நான் முதலில் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. உதவித்தொகை அவரைக் காப்பகத்தின் வாயில் வரை கொண்டுசென்றது. உள்ளே ஒரு மேசையை அது தர முடியவில்லை. அந்த மேசையில் தனியே அமர்ந்து படித்து, 1941-இல் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் முழு வரலாற்றை 1947-இல் நூலாகத் தந்தார்.

குறைகள்

நிதியத்தின் குறைகளைச் சொல்லாமல் விடுவது வரலாறு ஆகாது. முதலாவதாக, அது கட்டிய பள்ளிகள் யாவும் கறுப்பினக் குழந்தைகளுக்கான தனிப்பள்ளிகளே. பிரிவினைச் சட்டத்தை எதிர்க்காமல் அதன் எல்லைக்குள் நின்றே அவை எழுந்தன. எழுத்தறிவுக்கு வேறு வழி இல்லாத காலத்தில் அதை முற்றிலும் குறை கூறுவதற்கில்லை; ஆயினும் குறையே.

இரண்டாவதாக, கொடுப்பவர் கையே மேலே இருந்தது. எழுத்தாளரும் நாட்டுப்புறவியல் அறிஞருமான சோரா நீல் ஹர்ஸ்டன் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்குப் பயில உதவி கோரினார். முதலில் இசைந்த நிதியம், படிப்புத் திட்டம் பற்றிய கருத்து வேறுபாட்டால் 1935-இல் தொகையையும் காலத்தையும் பெரிதும் குறைத்துவிட்டது. அவர் அப்பட்டத்தைப் பெறவே இல்லை. மக்களிடையே வாழ்ந்து பாட்டும் கதையும் திரட்டிய ஒருவருக்கு எப்படிப் படிக்க வேண்டும் என்று அலுவலகத்தில் இருந்தவர்கள் விதித்தனர். 1894-இல் டுபாய்ஸுக்கு நேர்ந்ததும், 1935-இல் ஹர்ஸ்டனுக்கு நேர்ந்ததும் ஒரே வகைத் துன்பம்.

மூன்றாவதாக, ஒருவருக்குக் கிடைத்தால் பலருக்குக் கிடைக்கவில்லை என்பது பொருள். கொடை என்பது உரிமை ஆகாது. தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்குக் கதவு திறப்பதும், எல்லாருக்கும் உரிய கதவைத் திறந்தே வைப்பதும் ஒன்றல்ல.

விளைந்த பயன்

அப்படியானால் சுவர் அப்படியே நின்றதா? இல்லை. நிதியத்தின் உதவியால் டுபாய்ஸ் தம் அறுபதுகளில் எழுதிய 'பிளாக் ரீகன்ஸ்ட்ரக்ஷன்' 1935-இல் வெளிவந்தது. அடிமை முறை ஒழிந்தபின் கறுப்பின மக்கள் ஆளத் தெரியாமல் நாட்டைக் கெடுத்தனர் என்று பல்கலைக்கழகங்களில் பாடமாகவே நடத்தப்பட்ட கருத்தை, சான்றுகளோடு அது மறுத்தது.

கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் உளவியல் அறிஞர் இணையர் இந்நிதியத்தின் உதவியுடன் சிறு குழந்தைகளிடையே ஆய்வு நடத்தினர். நிறத்தைத் தவிர மற்றெல்லாவற்றிலும் ஒத்த பொம்மைகளைக் குழந்தைகள் முன் வைத்தனர். எது நல்ல பொம்மை என்று கேட்டபோது, கறுப்பினக் குழந்தைகளுள் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினர். பிரிவினை பிஞ்சு மனத்தில் என்ன செய்கிறது என்பதற்கு இது சான்றாயிற்று. தனிப்பள்ளி முறையை எதிர்த்த வழக்கில், 1953-இல் வழக்கறிஞர்களுக்கு வரலாற்றுச் சான்றுகளைத் திரட்டித் தந்தவர்களுள் பிராங்க்ளினும் ஒருவர். 1954 மே 17 அன்று, பள்ளிகளில் தனிமைப்படுத்துவது அரசியல் சட்டத்திற்கு மாறானது என்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். கிளார்க்கின் ஆய்வு அத்தீர்ப்பின் அடிக்குறிப்பில் இடம்பெற்றது.

தனிப்பள்ளிகளைக் கட்டிய அதே நிதியத்தின் பணத்தில் படித்தவர்கள், தனிப்பள்ளி முறையையே தகர்க்கும் சான்றுகளை உருவாக்கினார்கள். இவ்விளைவை ரோசன்வால்டு எதிர்பார்த்தாரா என்பதைவிட, பெற்றவர்கள் பெற்றதைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதே முக்கியம்.

முடிவுரை

நிதியம் மூடப்பட்ட 1948-ஆம் ஆண்டில் உதவி பெற்றவர்களுள் 24 வயது ஜேம்ஸ் பால்டுவின் ஒருவர். எஞ்சிய பணத்தில் பாரிசுக்குப் பயணச்சீட்டு வாங்கினார். நிற வெறுப்பின் நெருக்கடியிலிருந்து விலகி நின்று எழுத அவருக்கு இடம் கிடைத்தது. அவருடைய முதல் நாவல் 1953-இல் வெளிவந்தது. நிதியம் அப்போது இல்லை; அதன் பயன் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு என்னால் இயன்ற விடை இதுவே. உதவித்தொகை திறமையைத் தருவதில்லை. அது முன்பே இருக்கிறது. லாரன்ஸுக்கு ஓர் அறையையும், எல்லிசனுக்குச் சிறிது காலத்தையும், ஆண்டர்சனுக்கு ஒரு கடற்பயணத்தையும் அது தந்தது. சமத்துவத்தை அதனால் தர முடியவில்லை. அதைச் சட்டமும் போராட்டமும்தான் பெற்றுத் தர வேண்டியிருந்தது. ஆனால் அப்போராட்டத்திற்கு வேண்டிய அறிவுக் கருவிகளைச் செய்ய அது நேரம் வாங்கிக் கொடுத்தது.

சென்ற ஆண்டு அறிவிப்புப் பலகையில் என் பெயரும் இருந்தது. விடுதிக் கட்டணத்தில் ஒரு பகுதியை அதில் கட்டினேன்; அதனால் மாலை வேளைகளில் வேலைக்குச் செல்லாமல் நூலகத்தில் அமர முடிந்தது. இக்கட்டுரைக்கு வேண்டியவற்றை அந்த மாலைகளில்தான் படித்தேன். அடுத்த முறை பட்டியல் ஒட்டப்படும்போது, அதில் உள்ள பெயர்களோடு இல்லாத பெயர்களையும் நான் எண்ணிப் பார்ப்பேன்.